காட்ஸ்வோல்ட் வழியில் வேலிப்படி: ஓர் ஆய்வுக்கான முன்னோட்டத்தின் முன்னுரை

ஆய்வின் எல்லை

இங்கிலாந்தின் தென்மேற்கில், சிப்பிங் கேம்டன் என்னும் பழைய சந்தையூரில் தொடங்கி, பாத் நகரப் பேராலய வாசலில் முடிகிறது காட்ஸ்வோல்ட் வழி. நீளம் 164 கிலோமீட்டர். 2007-இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. இளஞ்சரிவுக் குன்றுகள், சாந்தின்றி அடுக்கிய கல்மதில் வயல்கள், பழைய கிராமங்கள், அவ்வப்போது ஒரு கோட்டை என்று போகும் இதை நடந்து முடிக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆராய்ந்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. எனவே இவ்வாய்வில் நடை தவிர்க்கப்பட்டது. நடந்தவர்கள் தம் கால்வலியின் சார்போடு எழுதுவார்கள் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. களப்பணி, வாகன நிறுத்தத்தை ஒட்டிய வயல் ஒன்றில் மழை வரும்வரை நிகழ்த்தப்பட்டது.

வழியிலுள்ள பொருள்கள் ஏழு வகைப்படும்: ஊர், கோட்டை, கல்லறை, மரம், சேறு, காளை, வேலிப்படி. முதல் ஆறும் முன்னோர் பலரால் ஆராயப்பட்டவை. ஆகவே அவர்களைப் படிக்காமலே சுருக்கிக் கூறுவோம்.

1. ஊர்

தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். இடைக்காலத்தில் ஆட்டு ரோமம் விற்ற பணத்தில் எழுந்த பெரிய ஆலயங்கள். சிப்பிங் கேம்டனில் பட்டு வணிகர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1627-இல் கட்டிக்கொடுத்த சந்தை மண்டபம். அழகாக உள்ளது. அழகு ஆய்வுக்குரியதன்று.

2. கோட்டை

இது மூவகை: இருந்து குலைந்தது, இல்லாமலே எழுந்தது, எட்ட நிற்பது.

இருந்து குலைந்ததற்குச் சூட்லி. உள்நாட்டுப் போருக்குப் பின், இனி எவரும் உள்ளே புகுந்துகொண்டு சண்டை போடக்கூடாது என்று 1649-இல் அதன் அரண்களை இடித்தார்கள். எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவி கேத்தரின் பார் 1548-இல் அங்கேதான் இறந்தார், அங்கேயே அடக்கமானார். கல்லறை இருந்த இடம் மறந்துபோய், 1782-இல்தான் மீண்டும் கண்டெடுத்தார்கள். ஹென்றியிடமே பிழைத்த அம்மையார், அறிஞர்களிடமிருந்து 234 ஆண்டுகள் தப்பியிருந்தது இரண்டாவது சாதனை.

இல்லாமலே எழுந்ததற்கு பிராட்வே கோபுரம். கவென்ட்ரி சீமாட்டிக்காக ஜேம்ஸ் வயட் வடிவமைத்து, 1798-இல் கட்டத் தொடங்கியது. எவரும் முற்றுகையிட்டதில்லை. தொலைவிலிருந்து பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் ஒரே போர்த்தந்திரம், இன்றுவரை தோற்றதில்லை.

எட்ட நிற்பதற்கு பெர்க்லி. பாதையில் வராமல் மேற்கே செவர்ன் சமவெளியில் இருக்கிறது. இரண்டாம் எட்வர்ட் 1327-இல் அங்கே சிறையில் இறந்தார் என்பது மரபு. எப்படி இறந்தார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமையில்லை. இறக்கவேயில்லை, தப்பிப் போய்விட்டார் என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். மன்னர் இந்த விஷயத்தில் சற்றே தெளிவாக நடந்துகொண்டிருக்கலாம்.

3. கல்லறை

விஞ்ச்கூம் ஊருக்குத் தெற்கே, பெலாஸ் நாப் என்னும் புதிய கற்கால நெடுமேடு. வடக்கு முனையில் கம்பீரமான கல்வாசல். இருபுறமும் வளைந்து வரவேற்கும் சுவர்கள். ஆனால் வாசலுக்குப் பின்னே வழியில்லை. அது பொய்வாசல். எலும்புகள் கிடந்த அறைகள் மேட்டின் பக்கங்களில், குனிந்து போகவேண்டிய பொந்துகளாக இருக்கின்றன. திருடரை ஏமாற்ற என்பர் சிலர். ஆவிகள் போய்வர என்பர் சிலர். விளங்காதபோது வழக்கம்போல் சடங்கு என்பர் எல்லோரும். இக்கட்டுரையாளர் கருத்து வேறு. நெடிய முகப்பு, விரிந்த வரவேற்பு, உள்ளே சுவர், பொருள் ஏதேனும் இருந்தால் பக்கவாட்டில், தவழ்ந்து தேடுவோர்க்கு மட்டும்: உலகின் பழைய ஆய்வேடுகளுள் இது ஒன்று. நெறியாளர் யாரென்று தெரியவில்லை.

4. மரம்

பெயின்ஸ்விக் ஆலய முற்றத்தில் 99 யூ மரங்கள்; நூறாவதைச் சாத்தான் பிழைக்க விடமாட்டான் என்பது ஐதீகம்; எண்ணிப் பார்ப்பவர் கணக்கு ஐதீகத்தோடு ஒத்துப்போவதில்லை, ஆதலால் எண்ணுதல் தவிர்க்கப்பட்டது.

5. சேறு

உண்டு.

6. காளை

வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், 1981: பொதுப்பாதை செல்லும் வயலில், பத்து மாதம் கடந்த பால்வகைக் காளையை விடக்கூடாது. எயர்ஷயர், ஃப்ரீசியன், ஹோல்ஸ்டீன், டெய்ரி ஷார்ட்ஹார்ன், கெர்ன்சி, ஜெர்சி, கெர்ரி ஆகிய ஏழும் பால்வகை. மற்ற இனக் காளையை, பசுவோ கிடாரியோ துணையிருந்தால் விடலாம். எனவே எதிரே ஒரு காளை தலையைத் தாழ்த்தி வரக் கண்டால், முதலில் அதன் இனம், அடுத்து வயது, அதன்பின் உடன்வந்திருப்போர் எவரெவர் என்று இம்முறையே உறுதிசெய்து கொள்ளவேண்டும். அப்போதுதான் அது சட்டப்படி துரத்துகிறதா, சட்டத்தை மீறித் துரத்துகிறதா என்பது விளங்கும். முறையியல் கற்காமல் ஓடிப் பிழைத்தோர் தரவுகளை இவ்வாய்வு ஏற்கவில்லை.

7. வேலிப்படி

இனி நூலின் உடல்.

ஆடு தாண்டாமலும் ஆள் தாண்டும்படியும் வேலியில் செய்துவைத்த ஏற்பாடே வேலிப்படி. அது மரப்படி, கற்படி, ஏணிப்படி என விரியும். இரண்டு தூண், குறுக்குக் கட்டைகள், ஊடே செருகிய மிதிபலகை என்பன மரப்படியின் உறுப்புகள். மிதிபலகை ஆடும். ஆடாத பலகை வழுக்கும். இரண்டும் செய்யாத பலகையைச் சுற்றிச் செந்தட்டி வளர்ந்திருக்கும்.

தாண்டல் மூன்று நிலை உடையது: ஏறுநிலை, கவைநிலை, இறங்குநிலை. எந்தக் காலை முதலில் வைப்பது என்பதில் வலக்கால் மரபினரும் இடக்கால் மரபினரும் பிரிந்து நிற்கின்றனர் (செம்மறி 1, வாய்மொழி). எந்தக் கால் அருகில் இருக்கிறதோ அதை வைப்போர் மரபற்றவர்கள். அவர்கள் தாண்டியும் விடுகிறார்கள். எனினும் ஆய்வுலகம் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை (செம்மறி 1-ஐ மேற்கோள் காட்டும் செம்மறி 2, மேற்படி வயல்).

வேலிப்படியை ஒருபோதும் தாண்டாத செம்மறியைச் சான்றாகக் கொள்வது தகுமா என வினவலாம். தகும். ஒன்றைச் செய்து பழகியவருக்கு அதில் பற்று வந்துவிடும். செய்யாதவரே நடுநிலையோடு தீர்ப்புரைக்க வல்லவர். இலக்கியம், ஆட்சி, திருமணம் பற்றிய ஆய்வுகள் பலவும் இந்த அடிப்படையில் நிற்பவையே. மேலும், செம்மறிகள் ஒன்று சொன்னதை அடுத்தது மறுக்காமல் வழிமொழியும் ஒழுங்கு உடையவை. இத்தகைய கருத்தொருமையை இக்கட்டுரையாளர் கருத்தரங்குகளில் மட்டுமே கண்டிருக்கிறார்.

மூன்றனுள் கவைநிலையே ஆழமானது. ஒரு கால் ஒருவர் வயலில், மறுகால் இன்னொருவர் வயலில். முதுகுப்பை பின்னே இழுக்க, வரைபடம் வாயில் இருக்க, நடையர் அக்கணம் யாருடைய நிலத்தில் இருக்கிறார்? 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் வேலிப்படியைப் பழுதுபார்க்கும் கடமையை நிலவுடைமையாளர் தலையில் வைத்து, நியாயமான செலவில் கால் பங்காவது அவர் உள்ளாட்சி மன்றத்திடமிருந்து பெறலாம் என்கிறது. அந்தக் கால், ஏறும் பக்கத்ததா இறங்கும் பக்கத்ததா என்று சட்டம் சொல்லவில்லை. ஏறும் பக்கத்தது என்பது ஒரு சாரார் கொள்கை (செம்மறி 3, செம்மறி 2-இன் பின்னால் நின்றபடி). இரண்டும் இல்லை, கவையின் நடுவே என்பது எம் கொள்கை (காண்க: இக்கட்டுரையாளரின் வெளிவராத கட்டுரை, அது வெளிவராத காரணத்துக்குக் காண்க: இக்கட்டுரையாளரின் மற்றொரு வெளிவராத கட்டுரை, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு).

இறங்குநிலை எளிது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் வந்து நின்றுவிட்டால் அது சிக்கலாகும். "நீங்கள் முதலில்" என்பார் அவர். "இல்லை, நீங்கள்" என்பார் நம்மவர். இருவரும் பின்வாங்குவர், இருவரும் ஒரே நேரத்தில் முன்வருவர், மன்னிப்புக் கேட்பர், வானிலை குறித்து ஒருமனதாகக் கருத்துரைப்பர், மீண்டும் பின்வாங்குவர். இந்நிலைக்கு முடிவு உண்டா என்பதில் சான்றோர் வேறுபடுவர் (செம்மறி 4, அசைபோட்டவாறு, அதை ஆதரித்துச் செம்மறி 5 முதல் 31 வரை, ஒரே குரலில், மாற்றுக் கருத்து: மதிலின் மேலிருந்த காகம், பதிவுக்கு முன் பறந்துவிட்டது, ஒப்புநோக்குக: மேய்ப்பு நாய், எல்லாரையும் வேறு வயலுக்கு ஓட்டிச்சென்ற பின்).

தொகுப்புரை

இந்த இடத்தில் ஒரு துயரச் செய்தி. இடைவெளி, கதவு, வேலிப்படி ஆகியவற்றுக்கென்றே பிரிட்டனில் ஒரு தரக்கட்டளை உண்டு: பி.எஸ். 5709. நடப்பவருக்குத் தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது அதன் நெறி. முதல் தேர்வு வெறும் இடைவெளி. ஆடுமாடு காரணமாக அது முடியாதபோது கதவு. வேலிப்படி கடைசியில். முழங்கால் வலிக்காரர், முதியோர், குழந்தையைச் சுமந்து வருவோர் எல்லாரும் போகவேண்டுமே என்பது காரணம். காட்ஸ்வோல்ட் பகுதியில் தன்னார்வலர்கள் வேலிப்படிகள் பலவற்றைக் கழற்றிக் கதவு வைத்துவிட்டார்கள். அவர்கள் சுத்தியலோடு வந்தார்கள், வேலையை முடித்தார்கள், போய்விட்டார்கள். ஒரு கருத்தரங்குகூட நடத்தவில்லை.

ஆய்வுப்பொருள் மறைந்துவருவது ஆய்வுக்கு இடையூறு ஆகாது. சரிபார்க்கக் கிளம்புவோர் குறைவர் என்ற அளவில் ஊக்கமே தரும். ஆகையால் இரண்டாம் தொகுதி இடைவெளி பற்றியது. அதன் பக்கங்கள் வெற்றாகவே இருக்கும்; விலையில் மாற்றமில்லை.