ரோடு ரோலருக்குப் பதவி உயர்வு கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: நெடும்பயண மோட்டார் சைக்கிள்களுக்கு வெளிச்சந்தைச் சைலன்சர் பொருத்துதல் – ரோடு ரோலரை ஒலியளவுக் கருவியாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 120.

பெருமதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் இரைச்சலை, விரிவறை கொண்டோ வேறு முறையிலோ, இயன்றவரை குறைக்கும் கருவி ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்று பார்வையில் கண்ட விதி கூறுகிறது. இரைச்சலுக்கு உச்சவரம்பும் உண்டு: 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் சோதனைத் தடத்தில் முடுக்கத்துடன் கடக்கும்போது, 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் 80 டெசிபலுக்கு மேல் பதிவாகக் கூடாது. இவ்வளவு நுட்பமான வரம்பு உற்பத்தி நிலைக்கே வகுக்கப்பட்டுள்ளது. அதன்பின் அளக்கும் பொறுப்பு பெரும்பாலும் சாலையோரக் காவலரின் இரு செவிகளிடம் ஒப்படைக்கப்படுவது நிர்வாகச் சிக்கனத்துக்குச் சிறந்த சான்றாகும். டெசிபல் என்பது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, கேட்பவருக்கோ ஏறத்தாழ இரு மடங்காகவே படுகிறது. ஆகவே 90 டெசிபல் எழுப்பும் வண்டி பத்து மடங்கு குற்றவாளியா, இரண்டு மடங்கு குற்றவாளியா என்பதைப் பேருந்து ஹாரன்களுக்கு நடுவே நின்று, காதாலேயே தீர்த்துவிடும் ஆற்றல் பாராட்டுக்குரியது.

வாங்குபவருக்கு அந்த ஆற்றல் இல்லை. பின்னுருளையை மட்டும் மாற்றும் ‘ஸ்லிப் ஆன்’, பென்ட் பைப் உட்பட அனைத்தையும் மாற்றும் ‘ஃபுல் சிஸ்டம்’ என இரண்டு வகைகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. பிந்தையதில், நச்சுப்புகையை வேதிமாற்றம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பெரும்பாலும் பழைய குழாயோடு கழன்றுவிடுவதால், 2020 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பிஎஸ் 6 புகை நெறியை மீறிய குற்றமும் இலவசமாகச் சேர்கிறது. முந்தையதில், துளையிட்ட உட்குழாயைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் கிளாஸ் வுல் அடைத்திருப்பர். லடாக் வரை ஓடும் வண்டியில் அது சூட்டில் உதிர உதிர, வாங்கியபோது அடங்கியிருந்த சைலன்சர் மெல்லக் குரலை உயர்த்தத் தொடங்கும். சைடு பாக்ஸை உரசாத உயரம், சென்டர் ஸ்டாண்டில் இடிக்காத வளைவு, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் செல்லும்போது ஹெல்மெட்டுக்குள் ரீங்கரிக்கும் ‘ட்ரோன்’ என்ற தாழ்சுருதி ஓசை ஆகிய அனைத்தையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைக்காரர் பொறுமையாக விளக்குவார். சட்டப்படி செல்லுமா என்று கேட்டால் மட்டும், குழாயின் வாயில் ஒரே போல்ட்டில் நிற்கும் ‘டிபி கில்லர்’ என்ற ஒலித்தடுப்பானைக் கழற்றிக் காட்டி, “செக்கிங்னா இதை மாட்டிக்கங்க” என்பார்.

ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர்களுக்கெனவே ஐ.நா. ஒழுங்குமுறை எண் 92 இருப்பதும், ஒப்புதல் பெற்ற உருளையின்மேல் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் பொறிக்கப்படுவதும் வாங்குபவரைச் சோம்பேறியாக்கும் ஏற்பாடுகள். இங்கே பல பெட்டிகளில் ‘பந்தயத் தடத்துக்கு மட்டும்’ என்ற வாசகமே காணப்படுகிறது. இத்தனை பந்தய வீரர்கள் கூடாரமும் மழைக்கோட்டும் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போவது விளையாட்டுத் துறை ஆராய வேண்டிய செய்தி.

விற்பனையில் சரக்கு சேவை வரி, பொருத்திய பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை என ஒரே குழாய் கருவூலத்துக்கு மும்முறை உதவுகிறது. இறுதியில், பறிமுதலானவற்றைச் சாலையில் வரிசையாகப் பரப்பி, கேமராக்கள் முன்னிலையில் ரோடு ரோலர் ஏற்றும் சடங்கு பெங்களூரு, விசாகப்பட்டினம் முதலிய நகரங்களில் நடந்துள்ளது. இந்த நெடிய நடைமுறையில் ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்பளிக்கும் கருவி அது ஒன்றே.

எனவே, மைக்கையும் சோதனைத் தடத்தையும் கைவிட்டு ரோடு ரோலரையே அதிகாரபூர்வ அளவுகோலாக அறிவிக்குமாறும், அது ஏறி இறங்கியபின் ஓசை எழுப்பாத சைலன்சர்களுக்கு விதி 120-இன்படி உடனடித் தகுதிச் சான்று வழங்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. கடையிலேயே ஒப்புதல் முத்திரை பார்த்து வாங்கவும், முத்திரையற்றதை விற்பவரிடமே முதலில் விசாரிக்கவும் வழிசெய்தால் காவலர், நீதிமன்றம், ரோலர் ஓட்டுநர் ஆகியோரின் பணிச்சுமை குறைந்துவிடும் அபாயம் உள்ளதால், அந்த யோசனையை மட்டும் எக்காரணம் கொண்டும் பரிசீலிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டூரிங் மோட்டார் சைக்கிள் உரிமையாளர்கள்

இணைப்பு: தட்டையாக்கப்பட்ட சைலன்சர் – 1 (சோதிக்கப்பட்டது, ஓசை இல்லை. திருப்பி அனுப்பத் தேவையில்லை.)