போய்ட்டு வரேன் மாமா

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் லயத்தில் இருப்பவருக்குப் 'போய்ட்டு வரேன் மாமா' என்று பெயர். பழைய தண்டல். காலையில் பசியாறிவிட்டு, கோல சிலாங்கூர் பேங்குக்குப் போக வெள்ளைச் சட்டை மாட்டுவார்.

படியிறங்கும்போது யாராவது "எங்க மாமா?" என்று கேட்டால் தீர்ந்தது. திரும்பி உள்ளே போய், ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி கிளம்புவார். "தூரமா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துபோனது அவருக்குப் பெரிய வருத்தம்.

அதையும் தாண்டி ரோட்டுக்கு வந்தால் மலாய்க்காரர் கடை. 'பெர்கி மானா?' என்பது அவர்களுக்கு வணக்கம் மாதிரி. 'ஜாலான் ஜாலான்' என்று சிரித்துவிட்டு நடக்கலாம்; எங்கே போகிறோம் என்று யாரும் உண்மையில் கேட்கவில்லை. இது மாமாவுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். தெரிந்தால் என்ன, கேட்டது கேட்டதுதானே? மறுபடி சொம்பு.

அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டாலோ கதையே வேறு. "போறேன்" என்று வாயால் சொல்ல மாட்டார். அது செத்தவர்கள் செய்கிற காரியம். "சரி, போய்ட்டு வரேன்" என்று எழுந்திருப்பார். நின்ற வாக்கிலேயே ஹென்றி ஃபொகோனியே துரை 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்ட கதை தொடங்கும். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர்! அந்தத் துரை பிறகு நாவல் எழுதி, 1930இல் பிரான்சில் கொன்கூர் பரிசு வாங்கியதோடு கதை முடியும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வாசற்படியில் ஒரு கால் வைத்ததும் குரல் இறங்கும். "பத்தாங் பெர்ஜுந்தைங்கிற பேரு 2007ல போச்சு, பெஸ்தாரி ஜெயா ஆயிடுச்சு. கித்தா போச்சு, ஆயக்கொட்டகை போச்சு, சனமும் டவுனுக்குப் போச்சு. ஒண்ணாவது போய்ட்டு வரேன்னு சொல்லிச்சா?"

இதற்கு யாரிடமும் பதில் கிடையாது. அவருக்கு இன்னொரு தேத்தண்ணி வரும்.

கால்பந்துப் பைத்தியத்தில் பேரன் போனில் ஸ்பானிய மொழி படிக்கிறான். "தாத்தா, 'இர்'னா போறது."

"இருன்னா போறதா?"

"ஆமா. 'வோய்'னா போறேன், 'வாமோஸ்'னா போவோம். 'ஃபுவே'ன்னா போனார். இருந்தார்னு சொல்றதுக்கும் அதே 'ஃபுவே'தான்."

மாமா யோசித்தார். உள்ளேயிருந்து அத்தைதான் பேசினார்: "போறேன்னுட்டு இருக்கிறதுதானே? கல்யாணமான நாள்லேர்ந்து உங்க தாத்தா அந்தப் பாஷைதான்டா பேசுறாரு."

அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளைச் சட்டையில் அவரைப் பார்த்தால் "தூரமா?" என்று மட்டும் கேளுங்கள். பேங்க் வேலை மூன்று நாளாக நிற்கிறது.