வெள்ளிக்கிழமை வியர்வை

ஊரில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போவதற்கே பைக்கை எடுப்பவர், சிங்கப்பூரில் விடிகாலை ஐந்து மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தாவரவியல் பூங்கா அந்நேரமே திறந்திருக்கும். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதையெல்லாம்விட, நுழைவுக் கட்டணம் கிடையாது. (ஆர்க்கிட் தோட்டத்துக்கு உண்டு, எனவே நம்மவருக்கு ஆர்க்கிட் பிடிக்காது.)

தைச்சி பழகும் பாட்டிகளுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கை வீசல், ஏழெட்டு செல்ஃபி. தேகப்பயிற்சி முடிந்தது. அடுத்து புல்வெளியில் ஓட்டல் துண்டை விரித்தால், ஊரிலிருந்து விமானமேறி வந்த புளிசாதமும் முறுக்கும் வெளியே வரும். கரைந்த கொழுப்பு வட்டியோடு வீடு திரும்பும்.

சாப்பிட்ட காகிதத்தை மட்டும் மறக்காமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள், சார். அங்கே முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் 300 வெள்ளி.