கடலில் குதித்த கோட்பாடுகள்

கேட் ஷோபின் 1899இல் வெளியிட்ட ‘தி அவேக்கனிங்’ நாவலின் முடிவில் நாயகி எட்னா கடலுக்குள் நீந்திப் போகிறாள். பின்னாலேயே கோட்பாட்டாளர்களும் குதித்துவிடுகிறார்கள். உளப்பகுப்பாய்வுக்கு அந்தக் கடல் தாயின் கருப்பை, பெண்ணியத்துக்கு விடுதலை, கட்டுடைப்புக்கு நழுவிக்கொண்டே இருக்கும் குறிப்பான்; உப்புத் தண்ணீர் என்று சொல்லத்தான் ஆளில்லை. கணவன் வீட்டைவிட்டு அவள் தனிவீட்டுக்குப் போவது தாய்வழிப் பணம், குதிரைப் பந்தயத்தில் வென்ற தொகை, ஓவியம் விற்ற காசு இவற்றை நம்பித்தான் என்று நாவலே கணக்குச் சொல்கிறது. கருப்பைக்குள் மூழ்கியவர்களுக்குக் கணக்கு எங்கே தெரியப்போகிறது! கோட்பாடு இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளை மேய்க்கும் கலப்பினத் தாதி நம் கண்ணில் பட்டிருப்பாளா என்று கேட்பார்கள். நியாயம்தான், அதற்கு மட்டும் ஒரு கும்பிடு. எட்னா ‘விழித்துக்கொண்ட’ கோடையில் பிள்ளைகளின் பின்னால் அலைந்தவள் அந்தத் தாதிதான். நாவலில் அவளுக்குப் பெயர் கிடையாது.