பூர்வீக அழுக்கும் சுயார்ஜித அழுக்கும்: கோலி சோடா புட்டி ஒன்றை முன்வைத்து

தாத்தாவின் உயில் வழியாகப் பேரனுக்கு வந்து சேர்ந்த கோலி சோடா புட்டி ஒன்றைக் கழுவி விற்பதில் எழும் கோட்பாட்டுச் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் முன்னாய்வுகள் கிடையாது. அதன் வசதி என்னவென்று பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஆய்வுப் பொருளின் விவரம்: நீலமும் பச்சையும் கலந்த தடித்த கண்ணாடி, இடுக்கிப் பிடித்தாற்போல் நெரிந்த கழுத்து, அதற்குள் ஒரு கோலி. வாயில் இருந்திருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. உயரம் அளக்கப்படவில்லை, டேப் தையல் மெஷின் டிராயரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லாராய்ச்சி: இடமின்மையால் தவிர்க்கப்பட்டது. வாசகர் நன்றி சொல்லத் தேவையில்லை.

தோற்றம்: ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் இவ்வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியைக் கவிழ்த்து சோடாவை நிரப்புவார்கள். கோலி வாய்க்கு வந்து உட்காரும்; உள்ளே அடைபட்ட வாயுவே அதை ரப்பரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் தேடி எங்கும் போக வேண்டாம். கட்டைவிரலால் குத்தினால் கோலி உள்ளே விழும். சாய்த்து ஊற்றும்போது அது திரும்ப ஓடிவந்து வாயை அடைக்காதபடி கழுத்துப் பள்ளம் மறித்துக்கொள்ளும். ஜப்பானில் ராமுனே என்ற பானத்தை இன்றும் இந்த வகைப் புட்டியில்தான் விற்கிறார்கள். இந்தப் புட்டி நம்மிடமிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது என்று நிறுவ எமக்கு இரண்டு பக்கம் போதும். ஆனால் அந்த வாசலில் ஏற்கெனவே பெரிய வரிசை நிற்கிறது.

வயது: பழைய புட்டிகளில் அச்சின் இணைப்புக் கோடு வாய்வரை ஏறினால் இயந்திர வேலை, வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால் கைவேலை என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் பொது விதி. முழுத் தானியங்கி இயந்திரமே 1903-ஐ ஒட்டித்தான் வந்தது. இங்கே இந்த விதி செல்லாது. கோலியை உள்ளே போட்ட பிறகுதான் இந்தப் புட்டிக்கு வாயை முடிக்க முடியும். எந்தக் காலத்தில் செய்திருந்தாலும் வாய் தனி வேலைதான். ஆகவே புட்டியின் வயது ‘மிகப் பழையது’ (அத்தை, வாய்மொழி).

இனி அழுக்கு. இக்கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

உயிலில் ‘பரண்மேல் உள்ள கண்ணாடிச் சாமான்கள் பேரனுக்கு’ என்று தெளிவாக இருக்கிறது. புட்டிக்குள் இருக்கும் அழுக்கைப் பற்றி உயில் வாய் திறக்கவில்லை. ஆகவே புட்டி பேரனுக்கு, அழுக்கு பொதுவுக்கு என்கிறார் சித்தப்பா (“உயில் எழுதாத அழுக்கு: ஒரு முன்னுரை”, கல்யாணப் பந்தி உரை, பாயசத்துக்கு முன்). தாத்தா காலத்தில் படிந்தது பூர்வீக அழுக்கு. அதற்குப் பின் எம் வீட்டுப் பரணில் சேர்ந்தது எமது சுயார்ஜிதம்; அதில் யாருக்கும் பாத்தியதை இல்லை. சிக்கல் என்னவென்றால் சுயார்ஜிதம் மேலடுக்கில் இருக்கிறது, பூர்வீகம் அடியில் கிடக்கிறது. அகழாய்வு முறைப்படி அடுக்கடுக்காக எடுப்பதற்கு வாய் இடம் கொடுக்காது. கோலி வேறு குறுக்கே நிற்கிறது. ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கும் வழக்கமான முறையைக் கையாண்டால் இரண்டு அடுக்கும் கலந்து வரலாறு கஞ்சியாகிவிடும்.

அத்தைக்குப் பங்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்த 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. 2005-இன் மத்தியத் திருத்தம் அவர்களையும் உள்ளே சேர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையை மட்டும் தொடவில்லை. அந்தத் தேதிக்கு முன் எங்கள் குடும்பத்தில் அழுக்கைப் பிரித்துப் பத்திரம் பதிந்ததாகச் சான்றில்லை. எனவே அத்தை பங்குதாரர் (அத்தை, சித்தப்பாவின் பாயசத்துக்கு முந்தைய உரைக்கு மறுப்புரை, தொலைபேசி வழி. நடுவில் குக்கர் விசில் அடித்ததால் மூலம் சிதைவு. சிதைந்த பகுதியை மீட்டுத் தந்தவர் அத்தையின் மருமகள். பாடபேதங்களைத் தமக்குச் சாதகமாகவே தெரிவு செய்தார் என்பது சித்தப்பா பாயசத்துக்குப் பின் சேர்த்த அடிக்குறிப்பு).

மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. புட்டியின் உட்சுவரில் பால் ஊற்றி வைத்தது போன்ற வெண்மை. தண்ணீரில் வரும் உப்புக்கறையாக இருந்தால் வினிகருக்கு இறங்கிவிடும். இது இறங்கவில்லை. காரணம், அது அழுக்கே அல்ல. ஈரம் நெடுநாள் தங்கும்போது கண்ணாடியிலுள்ள சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். மிஞ்சிய மேற்பரப்பு மங்கிப்போகும். புட்டிக்குள் செப்புக் கம்பித் துண்டுகளையும் மெருகுத் தூளையும் போட்டு நாள்கணக்கில் மெதுவாக உருட்டினால்தான் அது தேய்ந்து தெளியும். வெந்நீர் ஊற்றினால் விரிசல் தெளியும். ஆக, கண்ணாடியே வெண்மையாக மாறியிருப்பதால் அந்த வெண்மை புட்டியின் உரிமையாளரான எமக்கே என்றோம். கண்ணாடி அழுக்காகலாம் என்றால் புட்டி முழுவதுமே இன்னும் ஆகி முடியாத அழுக்கு, அதிலும் பங்கு வேண்டும் என்றார் சித்தப்பா. துணைவேந்தர் ஆகியிருக்க வேண்டியவர்.

கோலி அசையும் சொத்து என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை.

முடிவில் அரிசி போட்டே குலுக்கப்பட்டது. கழுவிய தண்ணீர் மூன்று டம்ளர்களில் சமமாக ஊற்றப்பட்டது. அத்தை தம் பங்கைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். சித்தப்பா தம்முடையதைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

விற்பனை: 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளுக்குப் பொதுவாக நூறாண்டுப் பழமையை வரம்பாக வைக்கிறது. அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆதலால் ஒரே புட்டிக்கு வாங்க வருபவரிடம் 120 வயதும் அதிகாரியிடம் 99 வயதும் ஆகிறது. இருவரும் ஒரே நேரத்தில் வராதபடி பார்த்துக்கொள்வதே ஆய்வு நெறி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. எம் ஆய்வின் சுருக்கத்தைக் கடைக்காரரிடம் எடுத்துரைத்தோம். அவர் புட்டியை வாங்கிக் காதோரம் வைத்து ஒருமுறை உருட்டினார். கோலி கழுத்துப் பள்ளத்தில் ‘டக்’கென்று நின்றது. “ரப்பர் இல்லையே அண்ணே” என்று விலையில் கால் பங்கைக் குறைத்தார். இவ்வளவு சுத்தமாக யார் கழுவச் சொன்னது என்று மறுகால் பங்கையும் குறைத்தார். மீதியைக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய், கழுத்துவரை ஈரமண்ணில் புதைத்து வைத்தார். ஏற்கெனவே அங்கே வரிசையாகப் பல கழுத்துகள் தெரிந்தன.

அங்கே சேரப்போவது கடைக்காரரின் சுயார்ஜிதம் என்று அத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். சித்தப்பா வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார்.