மை ஃபேமிலி மிஸ்

நைனார்பாளையத்தில் அப்பாக்கள் எல்லோரும் உயரமானவர்கள். அம்மாக்கள் அன்பானவர்கள், எல்லோருக்கும் நீளக் கூந்தல். தாத்தாக்கள் தினமும் கதை சொல்வார்கள். அக்காள் தங்கைகளில் அழகில்லாதவர் ஒருவர்கூட இல்லை. நம்பாதவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் நடந்து பாருங்கள். ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து இருபது தொண்டைகள் ஒரே ராகத்தில் சாட்சி சொல்லும்: "மை ஃபாதர் இஸ் டால். மை மதர் இஸ் கைண்ட். மை சிஸ்டர் இஸ் பியூட்டிஃபுல்."

அந்தக் கச்சேரியை நடத்துபவருக்கு நான் வைத்த பெயர் மை ஃபேமிலி மிஸ். தன்னைத்தான் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சின்னசேலம் வட்டத்தில் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர். படிப்பு பி.ஏ. ஆங்கில இலக்கியம், மேலே பி.எட். ஷேக்ஸ்பியரைக் கைடில் மட்டுமே சந்தித்தவர். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சிவப்பு மை பேனா, தேய்ந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம், பிளாஸ்டிக் உறைக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய சான்றிதழின் நகல்.

அந்தச் சான்றிதழின் கதை தனி. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மிஸ் அடுத்த வருஷமே தேறிவிட்டார். ஊரில் ஸ்வீட் கொடுத்தார்கள். சான்றிதழுக்கு ஆயுள் ஏழு வருஷம் என்றிருந்தது. வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது. ஏழு வருஷமும் கழிந்தது, வேலை மட்டும் வரவில்லை. 2021இல் பெரிய மனசு பண்ணி, சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தார்கள். காகிதத்துக்குத் தீர்க்காயுசு கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியதும், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்த முதல் வரிசையில் நம் மிஸ் நின்றார். திண்ணை வகுப்பு அப்படித்தான் சூடு பிடித்தது.

மிஸ்ஸிடம் ஆங்கிலம் என்பது பத்து வரி. பசு பத்து வரி, பொங்கல் பத்து வரி, குடும்பம் பத்து வரி. பசுவைப் பற்றி யாரும் ஆட்சேபிப்பதில்லை. குடும்பத்தில்தான் சிக்கல்.

"எங்கப்பா குள்ளம் மிஸ்."

"டால்னு எழுதுடா. பரீட்சையில வந்து அளந்தா பாக்கப் போறாங்க?"

பையன் எழுதுகிறான். பக்கத்தில் இருப்பவனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அவன் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு வருவார். ராத்திரியில் வீடியோ காலில் வருகிறவரின் உயரம் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும்: ஆறு அங்குலம், அதுவும் சிக்னல் இருந்தால். அவனும் டால் என்றுதான் எழுதுகிறான்.

உருவத்தை வர்ணிக்கும்போது மிஸ்ஸின் சிவப்பு மை ஒரு முழு அழகு நிலையமாகிவிடும். குண்டு என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் அது ஹெல்த்தி ஆகும். வழுக்கை அறவே நீக்கப்படும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை ஒரு சிறுமி சொந்த முயற்சியில் அகராதி பார்த்து, மை ஃபாதர் இஸ் பால்ட் என்று எழுதி, வீட்டில் அதை உரக்கப் படித்துப் பொருளும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே அம்மாக்காரி திண்ணையில் வந்து நின்றுவிட்டாள். "ஏம்மா டீச்சரு, நம்பிப் புள்ளைய அனுப்புனா, எங்க வூட்டுக்காரர மொட்டைன்னு எழுதிக் குடுப்பீங்களா?" அன்றிலிருந்து இந்த ஊரில் எல்லா அப்பாக்களுக்கும் ஷார்ட் பிளாக் ஹேர்.

நிறம் இன்னும் மோசம். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வெயிலோடு வெயிலாக நிற்கிற ஜனங்கள் அத்தனை பேரும் நோட்டில் ஃபேர். முகப்பூச்சின் பெயரிலிருந்து அந்தச் சொல்லைக் கம்பெனிக்காரனே 2020இல் எடுத்துவிட்டான். மிஸ்ஸின் பத்து வரியிலிருந்து அது இன்னும் போகவில்லை. ஒருவன் மட்டும் துணிந்து, "எங்கம்மா கருப்புதான் மிஸ், நல்லாருக்கும்" என்றான். மிஸ் ஒரு விநாடி பேனாவை நிறுத்தினார். பிறகு அந்த வரியையே விட்டுவிடச் சொன்னார்.

இதில் மிஸ்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆளை வர்ணிப்பதற்கென்றே பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று தனி இலக்கிய வகை வைத்துக்கொண்ட கூட்டம் நாம். கண் என்றால் கயல், இடை என்றால் மின்னல் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பாட்டில் இருப்பவள் யாரானாலும் அதே கண், அதே இடை. மிஸ் செய்வதும் கேசாதிபாதம்தான். கூந்தலில் தொடங்குவார், கண்ணுக்கு வருவார், மூக்கோடு நிறுத்திக்கொள்வார். பாதம் வரை போனால் வெடிப்பைப் பற்றி எழுத வேண்டிவரும் அல்லவா?

குணத்துக்கு வருவோம். குணத்தில் மிஸ்ஸிடம் நாலே சரக்கு: கைண்ட், லவ்விங், ஹெல்ப்ஃபுல், ஹார்ட் ஒர்க்கிங். ஒரு பையன் தன் ஆயாவைப் பற்றிச் சொன்னதை நானே கேட்டேன். "எங்க ஆயா, யாராச்சும் செத்தா மொத ஆளாப் போயி மாரடிச்சு ஒப்பாரி வைக்கும் மிஸ். வூட்டுக்கு வந்து தல முழுவிட்டு, வாங்குன காச குடுக்காமயே பூட்டானேன்னு அந்தாளத் திட்டும். சாயங்காலம் அவங்க வூட்டுக்கே சோறாக்கி எடுத்துட்டும் போவும்." கேட்ட பிள்ளைகள் சிரித்தன, மிஸ்ஸும் சிரித்தார். மூன்று வாக்கியத்தில் ஒரு முழுக் கிழவி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மிஸ் எழுதிப் போட்டது: மை கிராண்ட்மதர் இஸ் ஹெல்ப்ஃபுல்.

எனக்குத் தாங்காத வரி இன்னொன்று. மை மதர் இஸ் எ ஹவுஸ் ஒய்ஃப். விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, நூறுநாள் வேலையில் போட்டோவுக்கு நின்றுவிட்டு, மதியத்துக்கு மேல் கூலிக்குக் கதிர் ஒடிக்கப் போய், இருட்டிய பிறகு அடுப்பு மூட்டுகிற பெண்பிள்ளைக்கு இந்தப் பட்டம். அவள் வீட்டுக்குள் இருந்து ஊர் பார்த்தது கல்யாணமான புதிதில் ஒரு வாரம் இருக்கலாம். கேட்டால் மிஸ், "புக்குல அப்படித்தான் இருக்கு சார்" என்பார். புக்கில் இருக்கிற அம்மா ஏப்ரன் கட்டியிருப்பாள்.

இதே பத்து வரி கல்வராயன் மலைக்கும் ஏறிவிட்டது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வேலை கிடைத்துப் போகிற மிஸ்கள் கையோடு கொண்டுபோவது இதைத்தான். அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்கு எங்கோ போயிருக்க, விடுதித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளை பாடுகிறது: வீ லிவ் டுகெதர் ஹாப்பிலி.

இத்தனைக்கும், ஊரின் குடும்பச் சங்கதிகள் மிஸ்ஸைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். சத்தமில்லாமல் உள்ளே அனுப்பி ரெண்டு இட்லி கொடுக்கச் சொல்வார். எவன் அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ அவனை மட்டும், "ஹேண்ட்ரைட்டிங் சரியில்ல, இன்னும் ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போ" என்று ஒன்பது மணி வரை பிடித்து வைப்பார். ஆனால் இதெல்லாம் தமிழில் நடக்கிற காரியம். ஆங்கிலம் அவருக்கு விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கிற ஜமக்காளம். அதில் சொந்த ஜனங்களை உட்காரவைக்க மனசு வருவதில்லை. அந்த மொழியிலும் குள்ள அப்பாக்களும் கோபக்கார ஆயாக்களும் தாராளமாக இருக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய மிஸ் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே பத்து வரிதான்.

ஆகவே, ஆண்டு விழாவுக்கும் பள்ளி ஆய்வுக்கும் இந்தப் பக்கம் வருகிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையின் தோளைத் தட்டி, டெல் மீ அபவுட் யுவர் ஃபேமிலி என்று கேட்காதீர்கள். காலையில் உங்க ஆயா எதற்குத் திட்டியது என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பிள்ளை திணறும், பாதியைத் தமிழில் சொல்லும், கையால் நடித்துக் காட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் முக்கியம்: கேட்கப் போவதை முதல் நாள் மிஸ்ஸிடம் சொல்லிவிடாதீர்கள். ஆயாவின் திட்டுக்கும் பத்து வரி எழுதிப் போட்டுவிடுவார்.