அஞ்சு மணிக்கு எழுந்தவர்

கேள்வி: "ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்" என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். "ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார்கள். தினமும் எழுகிறேனே!

பதில்: எழுவது நீங்கள்தான், நிறுத்திவிட்டதாகச் சொன்னது 'யூஸ்டு டு'. முன்பு இருந்து இப்போது நின்றுபோன பழக்கத்துக்குத்தான் அது. 'ஹி யூஸ்டு டு ஸ்மோக்' என்றால் மனுஷன் சிகரெட்டை விட்டாயிற்று, வீட்டில் பாயசம் வைக்கலாம். இன்றும் தொடர்கிற பழக்கத்துக்கு வெறும் 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' போதும். வேண்டுமானால் 'யூஷுவலி' சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு 'ஆம்' நுழைந்தால் கதையே வேறு. 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்': அஞ்சு மணி எனக்குப் பழகிவிட்டது, சிரமமே இல்லை. அங்கே 'கெட்' அல்ல, 'கெட்டிங்'. நன்றாகப் பேசுகிறவர்களும் வழுக்குவது இந்த 'இங்'கில்தான்.